லிஃப்ட் டாக்டர்

லிஃப்ட் பழுதுபார்ப்பதில் பதினான்கு வருட அனுபவம் இருந்தும், மேற்பார்வையாளர் பதவி இரண்டு முறை அவரைத் தாண்டிப் போயிருந்தது.

"மாமா, நீங்க வேலை செய்றது உங்க ஸ்பேனருக்கு மட்டும்தான் தெரியும். நாலு பேருக்குத் தெரியணும்," என்றான் மனைவியின் தம்பி. விளம்பர நிறுவனத்தில் வேலை பார்ப்பவன். யூடியூப் சேனல் ஆரம்பித்து, 'லிஃப்ட் டாக்டர்' என்று பெயர் வைத்ததும் அவன்தான். வாரம் இரண்டு வீடியோ. வருகிற கமெண்ட் எல்லாவற்றுக்கும் ஒரு இதயக்குறி. படிக்க நேரமில்லாவிட்டாலும் போட்டுவிட வேண்டும்.

எட்டு மாதத்தில் பத்தொன்பதாயிரம் பேர் சேர்ந்தார்கள். மூன்றாம் முறை பதவி காலியானபோது, விண்ணப்பிக்கும் முன்பே அலுவலகத்தில் கூப்பிட்டுவிட்டார்கள்.

"உங்க வீடியோ பாத்துட்டு என் பொண்ணு லிஃப்ட்ல ஏறும்போதெல்லாம் கயிறு எத்தனைன்னு கேட்டு உயிரை வாங்கறா," என்று சிரித்தார் மேலாளர்.

பக்கத்தில் இருந்த பாதுகாப்பு அதிகாரி சிரிக்கவில்லை. தன் ஃபோனை அவர் பக்கம் திருப்பிக் காட்டினார். 'ஆள் சிக்கினால் என்ன செய்வது?' அதிகம் பேர் பார்த்த வீடியோ. மூன்றாம் மாடியில், மூடிய லிஃப்ட் கதவின் முன் நின்று, மீட்கும் முறையை அவர் விளக்கிக்கொண்டிருந்தார்.

"தெளிவா சொல்லியிருக்கீங்க. எத்தனை டேக்?"

"மூணு, மேடம். நடுவுல யாரோ படியேறி வந்துட்டாங்க."

"கீழ இந்தக் கமெண்டைப் படிங்க."

'அப்போது உள்ளே சிக்கியிருந்தது நான். இவர் வந்து பதினொரு நிமிடம் கழித்துத்தான் கதவு திறந்தது.' பக்கத்தில் சிவப்பாக அவருடைய இதயக்குறி.

"சாதாரணமா எவ்வளவு நேரம் ஆகும்?"

"ரெண்டு நிமிஷம்." பிறகு சொன்னார், "பயப்படாதீங்கம்மான்னு குரல் கொடுத்தேன், மேடம்."

"ஆமா. வீடியோல இருக்கு."

மேலாளர் பேனாவை மூடினார். "இந்தத் தடவை வேண்டாங்க."

வீட்டில் மைத்துனன் எல்லாவற்றையும் கேட்டான். அவன் முகம் வாடவில்லை. "அட, மன்னிப்பு வீடியோ போடுவோம் மாமா! அழ வேண்டாம், குரல் லேசா தழுதழுத்தாப் போதும். அடுத்த வருஷம் அவங்களே வந்து கூப்பிடுவாங்க."

"டேய், சும்மா இருடா," என்றாள் அக்கா. கணவன் பக்கம் திரும்பினாள். "அந்தம்மாகிட்டப் பேசினீங்களா?"

"நம்பர் இல்ல."

"கட்டடம் தெரியுமில்ல?"

தெரியும். மாதாமாதம் எண்ணெய் போடப் போகும் கட்டடம். அவர் எழுந்து அலமாரியைத் திறந்தார்.

"அங்க போக எந்தச் சட்டைடா போடறது?"

"கொஞ்சம் சாயம் போனதா எடுங்க, மாமா."