வெள்ளிக்கிழமை வேண்டாம்

சார்லட் விமான நிலையத்தின் கீழ்த்தளத்தில் விமானப் பணிப்பெண்கள் காத்திருக்க ஓர் அறை உண்டு. ஜன்னல் கிடையாது. பயணிகளின் பெட்டிகள் ஓடும் பட்டையின் இரைச்சல் சுவருக்கு அந்தப் பக்கம் ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்கும். திங்கட்கிழமை மதியம் கேண்டிஸ் அங்கே செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கைப்பேசியை முறைத்துக்கொண்டிருந்தாள். விமானம் தாமதம். விமானத்தின் கதவை மூடினால்தான் சம்பளம் ஓடத் தொடங்கும். அதுவரை சீருடையில் உட்கார்ந்திருப்பதெல்லாம் கம்பெனிக்குச் செய்யும் தர்மம்.

வெள்ளிக்கிழமை காலை கோர்ட்டில் அவள் வழக்கு. எட்டு வயது டெஸ்ஸா அம்மாவிடம் வளர்வதா, அப்பா கர்டிஸிடம் வளர்வதா என்று நீதிபதி சொல்லப்போகிற நாள். போன தடவை டென்வரில் பனிப்புயல், கேண்டிஸ் அங்கே மாட்டிக்கொண்டாள். ‘இந்த அம்மா எப்போதும் ஆகாயத்தில்தான் இருக்கிறார்’ என்று வாதாடிக்கொண்டிருந்த கர்டிஸின் வக்கீலுக்கு வேறு சாட்சியே தேவைப்படவில்லை. இனிமேல் ஒத்திவைக்க முடியாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். அவளுடைய அட்டவணையிலோ வியாழன் காலை கிளம்பி ஞாயிறு திரும்பும் நான்கு நாள் பயணம் உட்கார்ந்திருந்தது.

“மறுபடியும் சிவப்பா?” என்றாள் எதிரே இருந்த வெர்னெல். முப்பது வருட சர்வீஸ் அவளுக்கு. ஸாஸேஜ் வைத்த பிஸ்கட் ரொட்டியை மடியில் காகிதம் விரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

“சிவப்புதான், மிஸ் வெர்னெல். மூணு தடவை கேட்டுட்டேன். ஆள் பத்தாது, விட முடியாதுங்குது கம்ப்யூட்டர். யாராவது எடுத்துக்கட்டும்னு பொதுப் பலகையிலயும் போட்டுப் பாத்தேன். ஒருத்தியும் சீந்தல.”

“வாரக் கடைசியில நாலு நாள், ராத்திரி தங்கறதெல்லாம் பொட்டல் காட்டுல. அதை எவ எடுப்பா? முன்னெல்லாம் ட்யூட்டி போடற ஷெட்யூலிங்ல டாட்டின்னு ஒருத்தி இருந்தா. வாய்க்கு வந்தபடி திட்டுவா. திட்டி முடிச்சுட்டு, ‘சரி, போய்த் தொலை’ன்னு விட்டுருவா. இந்தக் கம்ப்யூட்டருக்குத் திட்டக்கூடத் தெரியல.”

“உடம்பு சரியில்லைன்னு சொல்லிரட்டுமா?”

“புத்தி கெட்டுப் போச்சா உனக்கு? மூணு தடவை வேண்டாம்னு கேட்டுட்டு நாலாவது தடவை காய்ச்சல்னா, பொய் சொல்றான்னு சீட்டைக் கிழிச்சுருவாங்க. வேலை இல்லாத அம்மா கையிலயா பிள்ளையைக் குடுப்பாங்க?”

வெர்னெல் விரல்களைத் துடைத்துக்கொண்டு தன் கைப்பேசியை எடுத்தாள்.

“இந்தா பாரு பொண்ணே. நாளைக்குக் கிளம்பற ரெண்டு நாள் ட்ரிப் ஒண்ணு என்கிட்ட இருக்கு. சான் ஹுவான், சம்பளத்துக்கு நல்ல மணிநேரம் வரும். அதை நீ எடு. உன் நாலு நாளை நான் சுமக்கறேன்.”

முறைப்படி மாற்றிக்கொள்ள மனுப்போட்டால் கம்ப்யூட்டர் அதை வரிசையில் போட்டு, நாளைக்கோ மறுநாளோதான் வாய் திறக்கும். அதற்கெல்லாம் நேரமில்லாதவர்கள் வேறு வழி வைத்திருந்தார்கள். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒருத்தி தன் பயணத்தைப் பொதுப் பலகையில் போடுவாள். போட்ட கையோடு மற்றவள் பிடித்துவிடவேண்டும். ஆள் எடுக்கும்வரை போட்டவள் தலையில்தான் பயணம்.

“விரலை வச்சுக்கோ. ஒண்ணு... ரெண்டு... போட்டுட்டேன்!”

கேண்டிஸ் அழுத்தினாள். திரையில் சான் ஹுவான் இல்லை.

“யாரோ எடுத்துட்டாங்க.”

“யாரும் எடுக்கல. மாசாமாசம் காசு கட்டி எவளோ பலகையில விழறதைப் பிடிக்க மெஷினு வச்சிருக்கா. அவ குறட்டை விட்டுட்டு இருப்பா, அது பொறுக்கிட்டு இருக்கும்.” வெர்னெல் உச்சுக்கொட்டினாள். “போகட்டும் விடு. உன்னோடதைப் போடு, நான் பிடிக்கறேன். குடுத்த வாக்கு குடுத்ததுதான்.”

பிடித்தாள். வெள்ளிக்கிழமை கேண்டிஸின் அட்டவணையில் வெறுமையாக நின்றது. அவள் வெர்னெலின் தோளில் முகத்தைப் புதைத்து அழுதாள். “பிஸ்கட் நசுங்குதுடி” என்றாள் வெர்னெல்.

பணியாளர் பஸ்ஸில் கார் நிறுத்துமிடத்துக்குப் போகும்போதுதான் மற்ற கணக்கு அவளுக்கு உறைத்தது. நான்கு நாள் போய்விட்டது, பதிலுக்கு எதுவும் வரவில்லை. இந்த மாதம் பறந்த நேரம் கம்பெனி வைத்த கோட்டுக்குக் கீழே. கோட்டுக்குக் கீழே போனால் இன்ஷூரன்ஸ் கிடையாது. டெஸ்ஸாவுக்கு ஆஸ்துமா. பிள்ளையின் இன்ஷூரன்ஸ் தாயின் பொறுப்பு என்று போன வருடமே கோர்ட் எழுதிக் கொடுத்திருந்தது. அது இல்லாமல் வெள்ளிக்கிழமை நீதிபதி முன்னால் போய் நிற்பதும் ஒன்றுதான், போகாமல் இருப்பதும் ஒன்றுதான்.

பஸ் குலுங்கியது. ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கைக் கட்டைவிரலால், காலியாகும் பயணம் எதையாவது தானாகத் தேடிக் கொடுக்கும் தானியங்கி மனுவைத் திறந்தாள். எந்தப் பயணமானாலும் சரி, எந்த ஊரானாலும் சரி, மணிநேரம் வந்தால் போதும். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம். அதற்கான கட்டத்தில் கவனமாக அழுத்தி, இரண்டு தடவை பார்த்துவிட்டு அனுப்பினாள்.

புதன்கிழமை வெர்னெலிடமிருந்து அழைப்பு. குரல் களைத்திருந்தது.

“ஆஸ்பத்திரியில கிடக்கேன் கண்ணு. காலையில தலை சுத்தி விழுந்துட்டேன். ரத்தக் கொதிப்பாம். பறக்கக் கூடாதுங்கறான் டாக்டர்.”

“ஐயோ, மிஸ் வெர்னெல்!”

“எனக்கு ஒண்ணும் ஆகாது. உன் ட்ரிப்பை கம்பெனிகிட்ட திருப்பிக் குடுத்துட்டேன். அது உன் தலையில வராது, பயப்படாதே. இனி அவங்க பாடு. நீ கோர்ட்டுக்கு அந்த நீலக் கவுனைப் போட்டுட்டுப் போ.”

நீலக் கவுன் இஸ்திரி மேஜைமேல்தான் கிடந்தது. டெஸ்ஸா தரையில் படுத்து நீதிபதிக்கு ஒரு படம் வரைந்துகொண்டிருந்தாள். வீடு, நாய், அம்மா, தான். நாய் அவர்களிடம் இல்லை. ‘கிடைச்சா நல்லதுதானே’ என்று சேர்த்துக்கொண்டாளாம்.

கைப்பேசி மணியடித்தது. ‘உங்கள் மனு ஏற்கப்பட்டது.’ பச்சை நிறம். மணிநேரம் கோட்டைத் தாண்டிவிட்டது. கேண்டிஸ் பெருமூச்சு விட்டாள். பிறகு கீழே தள்ளிப் பார்த்தாள். வியாழன் காலை புறப்பாடு, ஞாயிறு வருகை. வெர்னெல் திருப்பிக் கொடுத்த அவளுடைய பழைய பயணமேதான்.

ஷெட்யூலிங்கைக் கூப்பிட்டாள். எடுத்தவன் பையன் குரலில் பேசினான். மரியாதையாகத்தான் பேசினான்.

“நீங்க கேட்டதுதானே மேடம் குடுத்திருக்கு.”

“வெள்ளிக்கிழமை வேண்டாம்னு போட்டிருக்கேன்.”

“வெள்ளிக்கிழமை கிளம்பற ட்ரிப் வேண்டாம்னு போட்டிருக்கீங்க. இது வியாழக்கிழமை கிளம்புது. அன்னிக்கு வீட்டுல இருக்கணும்னா அதுக்குக் கீழே வேற கட்டம் இருக்கு மேடம்.”

“என் பொண்ணு விஷயம் தம்பி. கோர்ட்டு. தயவுசெஞ்சு எடுத்துரு.”

“என்னால எதையும் எடுக்க முடியாது. சிஸ்டம் விடாது. நீங்க வேணும்னா மனுப் போடலாம்.”

போட்டாள். சிவப்பு. பலகையில் போட்டாள். இருட்டும்வரை ஒருவரும் எடுக்கவில்லை, மெஷின்கூடத் தொடவில்லை. வக்கீலைக் கூப்பிட்டாள். போனிலாவது பேச முடியுமா என்று அவர் கேட்டார். அந்த நேரம் விமானத்தில் இருப்பேன் என்றாள்.

“அப்போ ஜட்ஜ்கிட்ட யாரும்மா பேசுவாங்க?” என்றாள் டெஸ்ஸா. கேண்டிஸ் கவுனை மடித்து அலமாரியில் வைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை கன்சாஸ் சிட்டி விமானத்தில் முதல் வரிசையில் ஒரு சிறுமி தனியாக வந்தாள். கழுத்தில் பெயர் அட்டை தொங்கியது. அம்மா ஏற்றி அனுப்பியிருக்கிறாள், இறங்கும் இடத்தில் அப்பா காத்திருப்பார். மாதத்தில் இரண்டு தடவை இப்படிப் பறப்பாளாம். கேண்டிஸ் அவளுக்கு ஆப்பிள் ஜூஸும் இரண்டு பொட்டலம் பிரெட்ஸலும் கொடுத்தாள்.

“உங்களுக்குப் பாப்பா இருக்கா?”

“இருக்கா.”

“அவ யார்கூட இருக்கா?”

கேண்டிஸ் சிந்தாத ஜூஸைத் துடைத்தாள்.

இறங்கியதும் கைப்பேசியை உயிர்ப்பித்தாள். வக்கீலிடமிருந்து ஒரு வரி: ‘முடிந்துவிட்டது. கூப்பிடுங்கள்.’ கைப்பேசியைப் பைக்குள் போட்டுவிட்டுச் சிறுமியின் கையைப் பிடித்து வெளியே அழைத்து வந்தாள். வாசலில் ஓர் ஆள் பலூனோடு நின்றார். அவருடைய அடையாள அட்டையை வாங்கி, பெயரைச் சரிபார்த்து, கையெழுத்து வாங்கினாள். சிறுமி இன்னும் அவள் விரல்களைப் பற்றியிருந்தாள்.

“ரொம்ப நன்றிங்க,” என்றார் அவர். “இனிமே நான் பாத்துக்கறேன்.”

கேண்டிஸ் சிரித்த முகத்தோடு கையை விட்டாள்.