வெரேனாவுக்கு விட்ட பக்கம்

நவம்பர் காய்ச்சல் மனைவி வெரேனாவைக் கொண்டுபோன பிறகும் டாக்டர் மெல்கியோர் ஹூர்லிமான் வேலையை நிறுத்தவில்லை. காலையில் நோயாளிகள் வந்தார்கள். அவர்களுடைய கனவுகளைக் கேட்டான். மதியத்துக்குமேல் கதவைச் சாத்திக்கொண்டு, ஏரியைப் பார்த்துப் போட்ட நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்தான்.

அது அவனே கண்டுபிடித்த முறை. ஜூரிச்சின் மற்ற மனநல மருத்துவர்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவும் தயாராக இல்லை. விழித்தபடியே மனதின் அடிக்கு இறங்குவது. அங்கே எதிர்ப்படுகிறவர்களிடம் பேசுவது. பேசியதை எழுதி, பார்த்ததை வரைவது. அதற்கென்றே கன்றுத்தோல் அட்டை போட்ட பெரிய புத்தகம் ஒன்று வைத்திருந்தான். ஆட்டுத்தலைக்காரன், உப்பு சுமக்கும் பெண், ஒற்றைக்கால் படகோட்டி எல்லோரும் பொன்னும் நீலமுமாக அதில் இருந்தார்கள். விதி ஒன்றுதான்: யாரையும் அழைக்கக் கூடாது. வருகிறவர்கள் வரட்டும்.

வெரேனா வரவில்லை.

ஒரு பக்கத்தை அவளுக்காக விட்டுவைத்தான். அதற்குப் பிந்திய பக்கங்கள் நிரம்பின. அது மட்டும் வெள்ளையாகவே கிடந்தது. இதற்குள் அவளுடைய குரல் அவனுக்கு மறந்துபோயிருந்தது. மேசைமேல் புகைப்படம் இருந்ததால் முகம் மிஞ்சியது. குரலுக்கு எதுவும் இல்லை. அவன் இன்னும் அழவில்லை. அந்தக் குரலை ஒரே ஒரு தடவை கேட்டால் போதும், அழுதுவிடலாம் என்று நினைத்தான்.

கடைசியில் படகோட்டியிடமே கேட்டான்.

"என் மனைவி எங்கே?"

"இது சந்தை அல்ல, வேண்டியதைக் கேட்டு வாங்க. கரைக்கு வந்தவர்களையே நான் ஏற்றுகிறேன்."

"வந்திருப்பாள். உனக்குத் தெரிந்திருக்காது."

"அப்படியானால் அடையாளம் சொல்."

அவனால் சொல்ல முடிந்ததெல்லாம் புகைப்படத்தில் இருந்ததுதான். படகோட்டி துடுப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

மார்ச்சில் விதியை உடைத்தான். புகைப்படத்தைச் சாய்த்து வைத்து அந்த வெள்ளைப் பக்கத்தில் அவளை வரைந்தான். கண்ணை மூடிப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். வந்தாள். 'அன்பரே, உமது ஆன்மாவின் தோட்டத்தில் நான் மீண்டும் மலர்ந்தேன். எனக்காகக் கலங்காதீர்' என்று தொடங்கினாள். வெகுநேரம் பேசினாள். எழுதி முடித்து மறுபடி மறுபடி படித்தான். எங்கோ தப்பு. என்ன தப்பு என்று பிடிபடவில்லை.

அந்த வாரக் கடைசியில் வெரேனாவின் அக்கா டொரத்தே, கிளாருஸ் என்ற மலைப்பக்கத்திலிருந்து வந்தாள், தங்கையின் துணிமணிகளை எடுத்துப்போக. பெட்டியைக் கட்டி முடித்து, அதையும் தூக்கிக்கொண்டு அவன் அறைக்குள் நுழைந்தாள்.

"ஏ மெல்க், நீ இன்னும் கல்லறைப் பக்கமே போகலையாமே? எல்லாரும் செடி நட்டாச்சு. என் தங்கச்சி மேடு மட்டும் மொட்டையா கெடக்கு. ஊரே சிரிக்குது."

"வேலை இருக்கு, டோரா."

"என்ன பெரிய வேலை? கிறுக்குப் பிடிச்சவங்க கனவு சொல்லுதாங்க, நீ மண்டைய மண்டைய ஆட்டுத."

அவன் புத்தகத்தைத் தூக்கி அவள் முன்னால் வைத்தான். வெரேனாவுக்குக்கூட அதைக் காட்டியதில்லை.

"இதைப் படி. சத்தமா."

படத்தைப் பார்த்ததும் டொரத்தே உட்கார்ந்துவிட்டாள். விரலை ஓட்டி ஓட்டிப் படித்தாள். பாதியில் நிறுத்திச் சிரித்தாள்.

"யாரு இது? பிரசங்கம் பண்ண வந்த பாதிரியார் பொண்டாட்டியா?"

"அவதான். அவ பேசினது."

"போ மெல்க். எங்க வெரேனா என்னைக்கு இப்படிப் பேசுனா? இப்படிப் பேசச் சொன்ன வாத்தியாருக்கே முதுகுக்குப் பின்னால நாக்கத் துருத்துனவ அவ."

மெல்கியோர் புத்தகத்தை எடுத்து அந்த வரிகளைத் தானே ஒரு தடவை படித்தான்.

அந்த நாட்டில் வீட்டுக்கு ஒரு பேச்சு, தாளுக்கு ஒரு பேச்சு. பேனாவை எடுத்தால் ஏட்டு ஜெர்மன்தான். வேறு மாதிரி எழுத யாருக்கும் தோன்றாது. அவனுக்கும் தோன்றவில்லை. உள்ளேயிருந்து வந்த அத்தனை பேரையும் அந்த ஒரு வாசல் வழியாகத்தான் விட்டிருந்தான். வெரேனா அவனிடம் ஒரு நாளும் அந்த மொழியில் பேசியதில்லை. இத்தனை மாதமும் வாசலுக்கு வெளியே நின்றிருக்கலாம். வராமலே இருந்திருக்கலாம். எது என்று இனித் தெரியப்போவதில்லை.

"நீ பேசு," என்றான். "அவ மாதிரி. ரெண்டு பேருக்கும் ஒரே ஊர்ப் பேச்சுதானே."

"நான் என்ன கிராமபோன் பெட்டியா, சாவி குடுத்தா பாடுததுக்கு? வழிய விடு. படகு வந்துரும்."

"ஒரு வார்த்தை. கெஞ்சிக் கேக்கறேன், டோரா."

அவளுடைய பெட்டியின் கைப்பிடியை அவன் பிடித்துக்கொண்டிருந்தான். அவள் இழுத்தும் விடவில்லை. டொரத்தே அவன் முகத்தைப் பார்த்தாள். அவள் சிரிப்பு போய்விட்டது. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, இந்த வீட்டில் வந்து தங்கியபோதெல்லாம் தன் காதில் விழுந்ததைச் சொன்னாள்.

"மெல்க்! சூப்பு ஆறிப்போகுது. வாறியா, இல்ல பூனைக்கு ஊத்தட்டா?"

"ஊத்து, ஊத்து. அது வாயில்லாத ஜீவன். உன் சூப்பக் குடிச்சிட்டு என்ன சொல்லிடப்போவுது?"

யோசிக்கும் முன்பே அவன் வாயிலிருந்து வந்துவிட்டது.

டொரத்தேயின் குரல் டொரத்தேயின் குரலாகத்தான் இருந்தது. கரகரப்பானது. வெரேனா அதில் எங்கும் இல்லை. ஆனால் பதில் சொன்ன தன் குரலை நவம்பருக்குப் பிறகு அவன் கேட்டதில்லை. நோயாளிகள் முன்னால் அது வராது. படகோட்டியிடம் அது பேசியதில்லை. ஒருத்தியோடு மட்டும் பேசிய குரல்.

மற்றக் கையால் வாயைப் பொத்திக்கொண்டான். தோள்கள் குலுங்கின.

"இன்னொரு தடவை," என்றான் விரல்களுக்கு நடுவிலிருந்து.

"மாட்டேன்."

"ஒரே தடவை, டோரா."

"மாட்டேன், மெல்க். இன்னைக்குச் சொன்னா நாளைக்கும் கேப்ப. அவ எனக்கும் தங்கச்சிதான்."

கீழே துறையில் நீராவிப் படகு ஊதியது. டொரத்தே கிளம்பவில்லை. பெட்டியைப் பிடித்தபடியே அவன் இன்னொரு தடவை என்று கேட்டுக்கொண்டிருந்தான்; அவள் மாட்டேன் மாட்டேன் என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.