எண்ணெய் தடவிய அச்சு

நசீம் பானுவுக்குக் கோபம் வந்தால் கை சும்மா இருக்காது, மண்ணைப் பிசையும். அன்று அவள் பிசைந்த பிசைவில் மண் வெண்ணெயாகிவிட்டது. ஆத்திரம்தான் தீரவில்லை.

பின்னே? அண்ணன் மகள் ஃபாயிஸாவின் நிக்காஹ் விருந்துக்கு, பிர்னிப் பாயசம் ஊற்ற மண் கிண்ணம் செய்து தருகிறேன் என்று ஆசையாகச் சொன்னவள் அவள். அண்ணன் சனாவுல்லாவின் தோல் குடோனில் ஒரு மூலைதான் அவளுடைய பட்டறை. மண்ணைச் சப்பாத்தி மாதிரி தேய்த்து, குழிவான பிளாஸ்டர் அச்சுக்குள் இறக்கி, கட்டைவிரலால் அமுக்கி அமுக்கிக் கிண்ணமாக்குவாள். அச்சுக்குள் அவளே செதுக்கிய மல்லிகைக் கொடி கிண்ணத்தின் வெளிப்பக்கம் பதிந்து வரும்.

அச்சிலிருந்து எடுப்பதில்தான் சூட்சுமம். கத்தியை விட்டு நெம்பக் கூடாது. வெயிலில் வைத்து அவசரப்படுத்தக் கூடாது. பிளாஸ்டர் ஈரத்தை உறிஞ்ச உறிஞ்ச, மண் தானாகச் சுருங்கி அச்சை விட்டு விலகும். சுற்றிலும் நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி தெரிந்ததும் பலகையை வைத்துக் கவிழ்த்து, அச்சை மெல்லத் தூக்கினால் போதும். முன்பெல்லாம் அப்படித்தான் வந்தன. எப்போதாவது ஒன்றிரண்டு விரிசல் விடும். அது எந்தப் பட்டறையிலும் உள்ளதுதான்.

இப்போது ஒன்றுகூட உருப்படியாக வரவில்லை. விளிம்பு காய்ந்து சுருங்குகிறது. அடிப்பாகமோ ஈரம் குறையாமல் அச்சோடு அப்பிக்கொண்டு வரமாட்டேன் என்கிறது. இந்த இழுபறியில் கிண்ணம் விளிம்பிலிருந்து பாதி வரைக்கும் பிளந்துவிடுகிறது. தாடிக்கொம்புப் பக்கம் போய் வேறு குளத்து மண் கொண்டுவந்து சலித்துப் பார்த்தாள். விளிம்பில் ஈரத்துணி போட்டு மூடிப் பார்த்தாள். பிளந்தது பிளந்ததுதான்.

வீட்டில் ஆளாளுக்குப் பேசினார்கள். மதினி பாஸிலா கண்ணுபட்டுவிட்டது என்றாள். சனாவுல்லா சோற்றில் கை வைத்தபடியே, "அவளுக்குக் கைவரல, பேசாம பிளாஸ்டிக் கப்பு வாங்கிருவோம்" என்று தீர்ப்புச் சொன்னார். அதோடு விட்டாரா? மாப்பிள்ளை வீட்டுக்கும் போன் போட்டு அதையே சொல்லி வைத்தார். நிக்காஹ் முடிந்ததும் மூலையைக் காலி செய், அங்கே தோல் அடுக்கணும் என்றும் சொல்லிவிட்டார். இத்தனையும் கேட்டுவிட்டுத்தான் அவள் அன்று மண் பிசைந்தாள்.

பிசைந்து முடித்து, அச்சைத் துடைக்க ஈரத்துணியை எடுத்தாள். துணியிலிருந்து சொட்டிய தண்ணீர் அச்சின்மேல் முத்து முத்தாக நின்றது. காய்ந்த பிளாஸ்டர் தண்ணீரைக் கண்டால் விட்டுவைக்குமா? அவளுக்குச் சுருக்கென்றது. அச்சைத் தூக்கி மூக்கருகே கொண்டுபோனாள். மீன் எண்ணெய்! குடோன் முழுக்கத் தோல் வாடை அடித்ததில் இத்தனை நாளும் இது தனியாகத் தெரியவில்லை. தோலுக்கு அந்த எண்ணெயைத் தடவுகிறவர் வீட்டில் ஒருவர்தான்.

அச்சோடு வீட்டுக்குள் போனாள். அண்ணனும் மதினியும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"இதுல எண்ணெயத் தடவுனது ஆருண்ணே?"

"நாந்தேன்" என்றார் சனாவுல்லா, ஏதோ உபகாரம் செய்த முகத்தோடு. "ஒண்ணு ரெண்டு வெடிச்சுப்போச்சுன்னு அன்னைக்குப் பொலம்புனேல்ல? காஞ்சாத்தான வெடிக்கும்? தோலு வெடிக்காம இருக்க எண்ணெய்தான போடுறோம். அதான் நீ வாரதுக்கு முன்னாடி தெனமும் ஒரு இழுப்பு இழுத்து விட்டேன்."

"தோலு எண்ணெய் குடிக்கணும். அச்சு தண்ணி குடிக்கணும்ணே. எண்ணெய் ஏறுன அச்சு எப்படித் தண்ணி குடிக்கும்? மண்ண எப்படி விடும்? நான் செதுக்குன அம்புட்டு அச்சும் போச்சு."

பாஸிலா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஒங்கண்ணன் பாத்த வேலயப் பாத்தியா!" சனாவுல்லாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "சரி விடும்மா. நல்லதுக்குத்தான செஞ்சேன்."

அவ்வளவுதான். கதை முடிந்தது. கிண்ணம் பிளந்ததற்கு அவள் பேர் சம்பந்தி வீடு வரைக்கும் நாறியது. பிளக்க வைத்தவருக்கு ஒரு சிரிப்பு, மிச்ச டீ. நசீம் பானுவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இது என்ன நியாயம்? தெரியாமல் செய்ததைக்கூட மன்னிக்கலாம். தெரிந்த பிறகும் சிரிக்கிறாரே!

"மாப்பிள்ள வீட்டுக்குப் போனப் போடுங்க."

"எதுக்கு?"

"எனக்குக் கைவரலன்னு சொன்னீகல்ல. நாந்தேன் எண்ணெயத் தடவிக் கெடுத்தேன்னு இப்பச் சொல்லுங்க. ஸ்பீக்கர்ல போட்டுச் சொல்லுங்க."

"ஏம்மா, சம்பந்தி வீட்ல என்னைய என்ன நெனப்பாக?"

"இம்புட்டு நாளும் என்னைய நெனச்சதையே நெனக்கட்டும்."

சிரிப்பு நின்றது. சனாவுல்லா மனைவியைப் பார்த்தார். பாஸிலா, என்ன நினைத்தாளோ, எழுந்துபோய் சார்ஜரில் கிடந்த போனை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தாள்.

சலாம் சொல்லி, உடம்பு நலம் விசாரித்து, வெயிலைப் பற்றியும் பேசி முடித்த பிறகு வேறு வழியில்லாமல் விஷயத்துக்கு வந்தார். "கிண்ணம் விஷயமா அன்னைக்குச் சொன்னேன்ல... தங்கச்சி மேல தப்பு இல்ல. நாந்தேன் தெரியாம அச்சுல எண்ணெயத் தடவிட்டேன்."

 மறுமுனையில் சம்பந்தியம்மா கேட்டாள்: "அப்பக் கிண்ணம் வருமா, வராதா பாய்?"

பதில் சொல்ல சனாவுல்லா வாயைத் திறந்தார். நசீம் பானு கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டாள்.

"என் வேல, நான் சொல்றேன். புது அச்சு ஊத்திக் காஞ்சதும் கிண்ணம் வரும். அதுவரைக்கும் எங்கண்ணன் என் மூலைப் பக்கம் வரமாட்டாரு."