ரெண்டு கண்ணி விட்டு

எனக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரியாது. என் மனைவி ஓட்டுவாள். நான் பின்னால் உட்காருவேன். அவள் காய்ச்சலில் போன பிறகு வண்டி முன்னறையிலேயே நிற்கிறது, செயின் இல்லாமல்.

மேட்டில் இழுக்கவில்லை என்று இரண்டு பல்சக்கரங்களையும் மாற்றினாள். முன்னால் இரண்டு பல் குறைவு, பின்னால் நான்கு பல் அதிகம். அவளே மாட்டிவிட்டாள். புதுச் செயின் மட்டும் வர வேண்டியிருந்தது. அது வந்தபோது அவள் இல்லை.

மாமியார் போனில் சொல்லியிருந்தார்: "ஓடற வண்டின்னா உங்ககிட்டயே இருக்கட்டும் மாப்பிள்ளை. சும்மா நிக்கிற வண்டின்னா நான் எடுத்துட்டு வந்துடறேன். சின்னவன் ஓட்டுவான்."

இன்று மதியம் வேனோடு வருகிறார். அதற்குள் செயினை மாட்டியாக வேண்டும். வண்டி எனக்கு வேண்டும். எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

புதுச் செயின் தேவைக்கு மேல் நீளம். வெட்ட வேண்டும். எவ்வளவு?

பழைய செயினைத் தரையில் நீட்டி எண்ணினேன். ஒரு தடவை நூற்றுப்பத்து கண்ணி. மறுதடவை நூற்றொன்பது. இரு முனைகளையும் இணைக்கும் பூட்டும் ஒரு கண்ணி என்பது அப்புறம்தான் உறைத்தது. நூற்றுப்பத்துதான். கல்லூரியில் கணிதம் படித்தவன். தாளில் போட்டுப் பார்த்தேன். மொத்தத்தில் இரண்டு பல் கூடுகிறது. செயின் ஒவ்வொரு பல்சக்கரத்தையும் ஏறக்குறைய பாதிதான் சுற்றுகிறது; அதனால் அதில் பாதி, ஒரு கண்ணி, கூட வேண்டும். ஆக நூற்றுப்பதினொன்று. ஆனால் செயின் ஒற்றைப்படையில் சேராது. அகலக் கண்ணியும் ஒடுக்கக் கண்ணியும் மாறி மாறி வருவதால் ஜோடி ஜோடியாகத்தான் வெட்டலாம். நூற்றுப்பத்தா, நூற்றுப்பன்னிரண்டா? பின்சக்கரத்தை முன்னே தள்ளினால் அது, பின்னே இழுத்தால் இது. கணக்கு இரண்டுக்கும் தலையாட்டியது.

அவள் ஒரு பதில் சொல்லியிருந்தாள். கை கழுவிக்கொண்டே சொன்னது. "பழசை வச்சு அளந்து, ரெண்டு கண்ணி விட்டு வெட்டணும்ப்பா."

விட்டு என்றால்? இரண்டைக் கழித்துவிட்டா, இரண்டை மிச்சம் விட்டா? நூற்றெட்டா, நூற்றுப்பன்னிரண்டா? சக்கரத்தை முட்டும்வரை முன்னே தள்ளினால் நூற்றெட்டும் மாட்டிவிடும் போலிருந்தது. நீளமாக வெட்டினால் பிறகு குறைக்கலாம் என்பது எனக்கும் தெரியும். ஆனால் அவள் சொன்னபடி வெட்ட வேண்டும். அவள் சொன்னபோது அது புரிந்தது போலத்தான் இருந்தது.

வேன் வந்துவிட்டது. வேன்காரர் வாசலில் நின்றே கேட்டார்: "என்ன சார், பாம்பு புடிச்சுப் போட்டிருக்கீங்களா?"

மாமியார் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து இரண்டு செயின்களையும் பார்த்தார்.

"இன்னும் ஓடலையா?"

"வெட்டணும் அத்தை. எங்க வெட்டறதுன்னு தெரியல."

"மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டியதுதானே?"

"அவ ஒண்ணு சொன்னா. அதுதான் புரியல." அவள் சொன்னதை அப்படியே சொன்னேன்.

வேன்காரர் முந்திக்கொண்டார். "இதுல என்னங்க இருக்கு? ரெண்டு விட்டுன்னா ரெண்டைத் தள்ளிட்டு. ரெண்டு நாள் விட்டு வான்னா, நடுவுல ரெண்டு நாள் வராதேன்னுதானே அர்த்தம்?"

"ரெண்டு தெரு விட்டுத்தான் என் தையல் கடை. அப்ப அந்த ரெண்டு தெருவையும் யாராவது வெட்டிப் போட்டுட்டாங்களா?" என்றார் மாமியார்.

"ஆளை விடுங்கம்மா."

மாமியார் என்னிடம் திரும்பினார். "அவ என் கட்டிங் டேபிளுக்குக் கீழ வளர்ந்தவ. தையலுக்கு ரெண்டு அங்குலம் விட்டு வெட்டுடீன்னு நாள் முழுக்கக் கத்திட்டிருப்பேன். விட்டுன்னா அளவுக்கு வெளியே விடறது. துணி மிச்சம் இருக்கணும்."

"இது துணி இல்லையே அத்தை."

"செயினைப் பத்தி எனக்கென்ன தெரியும்? அவ வாயில அந்த வார்த்தை எங்கேருந்து வந்திருக்கும்னு சொன்னேன்."

அவருக்கும் அது நிச்சயமில்லை என்று தோன்றியது. சொல்லிவிட்டுப் பழைய செயினையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நூற்றுப்பன்னிரண்டில் வெட்டினேன். கட்டரைத் திருகும்போது எதுவும் தோன்றவில்லை. பூட்டைப் போட்டேன். பின்சக்கரம் பின்னால் நகர்ந்து, கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் நின்றது. செயின் தொங்கவில்லை, விறைக்கவும் இல்லை. அவள் சொன்னது இதுதானா, அல்லது இதுவும் மாட்டுமா? தெரியவில்லை.

வாசலுக்குத் தள்ளிவந்து ஸ்டாண்டு போட்டு உதைத்தேன். உதைத்து உதைத்துக் கால் ஓய்ந்த பிறகு இஞ்சின் பிடித்தது. கியர் போட்டதும் பின்சக்கரம் காற்றில் சுற்றியது.

"ஓடுது," என்றார் மாமியார்.

"எங்கம்மா ஓடுது? நின்ன இடத்துலயே சுத்துது," என்றார் வேன்காரர். "சார், ஏறி ஒரு ரவுண்டு வாங்க பார்ப்போம்."

நான் இருக்கையைப் பார்த்தேன்.

"வண்டி ஓடணும்னுதான் சொன்னேன்," என்றார் மாமியார். "இவர் ஓட்டணும்னு சொல்லல. நீங்க வேனை எடுங்க."

இஞ்சினை அணைத்தேன். வண்டி எனக்குத்தான் என்று புரியக் கொஞ்ச நேரம் ஆனது. அதற்குள் மாமியார் உள்ளே போய், வெட்டி விழுந்த துண்டை எடுத்து வந்தார். எட்டுக் கண்ணி. விரலெல்லாம் கிரீஸ்.

"இதை நான் எடுத்துக்கறேன்."

"அது புதுசு அத்தை. அவ தொடவே இல்ல."

"தெரியும்."

துண்டைப் பைக்குள், அளவு நாடாவுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேனில் ஏறினார்.

"இவ்ளோதானா லோடு?" என்று வேன்காரர் கேட்டது வாசல்வரை கேட்டது.