இத்தாவின் ஐம்பத்தொன்பதாம் நாள்

என் புருஷனைக் காரால் அடித்துக் கொன்றவர், எட்டாம் நாள் ஒரு மூட்டை அரிசியோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றார். சிதம்பரத்தில் ரைஸ்மில் வைத்திருக்கும் சபாபதிதான். என் அண்ணன் அப்துல் ஹக்குக்கு அந்த மில்லில்தான் வேலை.

நான் இத்தாவில் இருந்தேன். புருஷன் மவுத்தானால் நாலு மாசம் பத்து நாள் நாங்கள் வீட்டோடு இருக்க வேண்டும், அந்நிய ஆண்களின் கண்ணில் படக் கூடாது. எங்கள் தெருவோடு முப்பது வருஷமாக வியாபாரம் செய்கிற சபாபதிக்கு இது நன்றாகவே தெரியும். வாசல் திரைக்கு அந்தப் பக்கம் நின்று, குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார்.

“எது பேசறதா இருந்தாலும் இத்தா முடியட்டும்மா. நான் எங்க ஓடிப் போகப் போறேன்?”

அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. “எவ்ளோ மரியாதை தெரிஞ்ச மனுஷன் பாரு” என்றார். எனக்கும் அன்று அப்படித்தான் பட்டது. இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

என் புருஷன் நூர்முகம்மது சைக்கிளில் கைலி மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராக விற்றவர். அறுபத்து நாலாம் வருஷம், ஒரு திங்கட்கிழமை. புதுச்சத்திரத்தில் ஆண்டி என்பவரின் பஞ்சர் கடையில் டயருக்குக் காற்று அடித்துக்கொண்டு கிளம்பியிருக்கிறார். ஒரு பர்லாங்கு போவதற்குள், கடலூர்ப் பக்கமிருந்து வந்த சபாபதியின் கார் பின்னாலிருந்து அடித்துவிட்டது. சாயங்காலம் நாலு மணி, அஸர் தொழுகை நேரம், நல்ல வெளிச்சம், ரோடும் நேர் ரோடு. காரை ஓட்டியது சபாபதியே. முதலில் ஓடிப்போய் என் புருஷனைத் தூக்கியவர் ஆண்டி. சாட்சியும் அவர் ஒருவர்தான்.

போலீஸ் எழுதிய காகிதத்தை அண்ணன் எனக்குப் படித்துக் காட்டியிருந்தார். ‘கோயிலுக்குப் போய் வந்த களைப்பில் கண் அசந்துவிட்டார்.’ சாமி கும்பிட்டுவிட்டு வந்த மனுஷன், என்ன செய்வது, விதி என்று நானும் அழுது தீர்த்தேன்.

ஐம்பத்தெட்டாம் நாள் ஆண்டி வந்தார். போலீஸ் ஸ்டேஷனிலிருந்து விட்ட என் புருஷனின் சைக்கிளை எடுத்து, வளைந்த ரிம்மைத் தட்டிச் சரி செய்து, சிதம்பரம் வரைக்கும் தள்ளிக்கொண்டே வந்திருந்தார். அந்த சைக்கிளின் மணிச் சத்தம் கேட்டதும் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து வாயில் துணியை அடைத்துக்கொண்டேன்.

“வக்கீல் வெச்சிட்டீங்களா பாயம்மா?” என்று கேட்டார்.

“இத்தா முடியட்டும்னு இருக்கோம்.”

“அது எத்தினி நாளு?”

“நாலு மாசம் பத்து நாள்.”

வெளியே சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தும் சத்தம் கேட்டது. பிறகு, “யாரு சொன்னது உங்களுக்கு இப்படி இருக்கச் சொல்லி?” என்றார். “அறுபது நாளுக்குள்ள நஷ்டஈடு கேட்டு மனு குடுக்கணும் பாயம்மா. என் தம்பிக்கு லாரியில கால் போச்சு. அறுபத்தி நாலாம் நாளு போனோம். லேட்டுன்னு தள்ளிட்டாங்க. இன்னிக்கி எத்தினி நாளு ஆவுது?”

இத்தாவில் இருக்கிறவளுக்கு நாளை யாரும் எண்ணிச் சொல்ல வேண்டியதில்லை. ஐம்பத்தெட்டு. இன்னும் இரண்டே நாள். வாசலில் நின்று அவ்வளவு பதவிசாகப் பேசிய சபாபதிக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்? அல்லாஹ்வின் சட்டத்தை வைத்தே என்னை வீட்டுக்குள் பூட்டிவிட்டுப் போயிருக்கிறார்!

“கோயிலுக்குப் போயிட்டு வந்தவருக்கு இவ்ளோ சூதா?” என்றேன்.

ஆண்டி சிரித்தார். சந்தோஷச் சிரிப்பு இல்லை. “எந்தக் கோயிலுன்னு நினைச்சீங்க? கன்னியக்கோயிலு. ஊர் பேரு அது. கடலூர் தாண்டி பாண்டிச்சேரி எல்லையில இருக்குது. நம்ம பக்கம் மதுவிலக்கு, அங்க வாசப்படிக்கு வாசப்படி கடை. எங்க ரோட்டுல கோயிலுக்குப் போயிட்டு வரேன்னா, ஊத்திக்கினு வரேன்னு அர்த்தம். கார் கதவைப் புடிச்சிக்கினு தள்ளாடினாரு, வாயைத் தொறந்தா பிராந்தி வாடை. ‘கோயிலுக்குப் போயிட்டு வரேன், என்னை யாரும் ஒண்ணும் கேக்க முடியாதுடா’ன்னாரு. நான் அதை அப்படியே சொன்னேன். எழுதின ஏட்டு திருநெல்வேலி ஆளு, நம்ம பக்கத்துப் பேச்சு தெரியாது. சாமி கும்புட்டு வந்தாருன்னு எழுதிட்டாரு. மறுநாள் காலையில ஏலக்காயை மென்னுக்கினு போயி டாக்டர் முன்னாடி நின்னா, என்ன வாடை வரும்?”

சாயங்காலம் அண்ணன் வந்ததும், ஆண்டி சொன்னதையெல்லாம் சொல்லி, மனு கொடுக்க நாளைக்கு நான் கடலூர் போகிறேன் என்றேன். அவர் முகம் வெளுத்துவிட்டது.

“இத்தாவுல வாசப்படி தாண்டுவியா? ஜமாத்துல காறித் துப்புவாங்க.”

“பள்ளிவாசல் அஜரத்து வீட்டுல கேட்டனுப்பிட்டேன். அவசியத்துக்குப் பகல்ல போகலாம், ராத்திரி வீட்டுல இருக்கணும்னு சொல்லிட்டாங்க. பொழுது சாஞ்சு மஃரிபு பாங்கு சொல்றதுக்குள்ள வந்துடுவேன்.”

“சரி, போயி குடிச்சாருன்னு மட்டும் எழுதிடாதே. குடின்னு தெரிஞ்சா இன்ஷூரன்ஸ் கம்பெனி கையை விரிச்சிடும், உனக்கு ஒண்ணுமே கிடைக்காதாம். முதலாளியே சொன்னாரு.”

“குடிக்காதவருக்கு அந்த விவரமெல்லாம் எதுக்குண்ணே?”

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். “என் வேலை போயிடும் சலீமா” என்றார். அண்ணிக்கு அது எட்டாவது மாசம். ஆனாலும் சொல்லிவிட்டேன்: “உங்க மச்சானுக்கு உயிரே போயிடுச்சுண்ணே.”

மறுநாள் வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு, பக்கத்து வீட்டு ரசியாவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். தெருவில் நாலைந்து ஜன்னல்கள் திறந்தன. நன்றாகப் பார்க்கட்டும் என்று நிமிர்ந்தே நடந்தேன். புதுச்சத்திரத்தில் ஆண்டி ஏறிக்கொண்டார். “இந்த எடம்தான்” என்று அவர் சொல்வார் என்று பயந்து கண்ணை மூடிக்கொண்டேன். அவர் சொல்லவில்லை. நல்ல மனுஷர்.

மஞ்சக்குப்பத்தில் கோர்ட்டுக்குப் பக்கத்தில் வக்கீல் சிங்காரத்தின் ஆபீஸ். தேதியைக் கேட்டதும் அவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். “நாளைக்கு மறுநாள் வந்திருந்தா கதவைச் சாத்தியிருப்பாங்கம்மா” என்று சொல்லிக்கொண்டே டைப் அடிப்பவரைக் கூப்பிட்டார். போலீஸ் காகிதத்தைப் பார்த்து மனுவைச் சொல்லிக்கொண்டே வந்தவர், ‘கோயிலுக்குப் போய் வந்த களைப்பில்’ என்ற இடத்துக்கு வந்தார்.

“நிறுத்துங்க” என்றேன். “கோயில்னு எழுதாதீங்க. கன்னியக்கோயில்னு ஊர் பேரை எழுதுங்க. குடிச்சிருந்தார்னு எழுதுங்க. கம்பெனி சல்லிக்காசு குடுக்கலன்னாலும் பரவாயில்ல.”

வக்கீல் கண்ணாடியைக் கழற்றினார். “குடுக்காதுன்னு யாரு சொன்னது?”

“அடிச்சவரே சொன்னாரு.”

“சொல்லுவாரு. ரோட்டுல போற மூணாவது மனுஷன் செத்தா, ஓட்டினவன் குடிச்சிருந்தாலும் கம்பெனி உங்களுக்குக் கட்டித்தான் ஆகணும். கட்டிட்டு அந்தப் பணத்தை அவர்கிட்ட வசூல் பண்ணிக்கும். நொறுங்கின காருக்கும் அவருக்கு ஒண்ணும் வராது. அதோட மதுவிலக்கு கேஸ், போதையில ஓட்டின கேஸ், லைசென்ஸு போறது, ஜெயிலு. பயப்பட வேண்டியது நீங்க இல்லம்மா.”

எனக்குச் சிரிப்பு வந்தது. ஐம்பத்தொன்பது நாளில் முதல் சிரிப்பு. அது உடனே அழுகையாகிவிட்டது. ஆண்டி சாட்சியாக வாக்குமூலம் கொடுத்துக் கைநாட்டு வைத்தார். நான் எட்டாம் வகுப்பு படித்தவள், முழுப் பெயரையும் எழுதினேன்: நூர்முகம்மது மனைவி சலீமா பீவி. மூன்று மணிக்கு மனுவில் கோர்ட்டு சீல் விழுந்தது. அந்தச் சத்தத்தைக் காதாரக் கேட்டுவிட்டுத்தான் நகர்ந்தேன்.

மஃரிபுக்கு முன்னால் தெருமுனைக்கு வந்துவிட்டோம். என் வீட்டு வாசலில் சபாபதி நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் அண்ணன், கையைக் கட்டிக்கொண்டு. சேதி எங்களுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருக்கிறது.

“இத்தாவுல இருக்கிற பொம்பள எங்கம்மா போயிட்டு வர்றே?” சபாபதியின் குரலில் அன்றைய பதவிசு துளியும் இல்லை.

துப்பட்டியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன். “நீங்க போன கோயிலைப் பத்தி எழுதிக் குடுத்துட்டு வரேன்.”

அவர் முகம் எப்படிப் போயிற்று என்று நான் பார்க்கவில்லை. ஒரு அடி முன்னால் வைத்தார் போலிருக்கிறது, செருப்புச் சத்தம் கேட்டது. “கூப்பிட்டு உக்கார வைடா உன் தங்கச்சிய! இப்பவே பேசி முடிக்கணும்” என்று அண்ணனிடம் கத்தினார்.

அண்ணன் கட்டியிருந்த கையை அவிழ்த்தார். திரையைத் தூக்கி, நான் உள்ளே போகும் வரை பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு அதை இறக்கிவிட்டு, திரைக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். அவர் குரல் நடுங்கியது, ஆனால் தெரு முழுக்கக் கேட்டது.

“எது பேசறதா இருந்தாலும் இத்தா முடியட்டும் முதலாளி. நாங்க எங்க ஓடிப் போகப் போறோம்?”