பாட்டனார் பெயர்

தங்கரத்தினத்தின் விரல் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் ஒரு கட்டத்தின் மேல் போய் நின்றது. மற்றக் கையிலிருந்த தேநீர்க் கோப்பையைப் பாதியிலேயே மேசையில் வைத்துவிட்டாள்.

மகன் சிவரூபனையும் கூட்டிக்கொண்டு அவனுக்குப் பெண் பார்க்க நிலாவெளியிலிருந்து லிங்கநகருக்கு வந்திருந்தாள் அவள். "கலியாண எழுத்துக்கு நாள் குறிக்க வேணும், பொம்பிளையின்ர பத்திரத்தை ஒருக்காப் பாப்பம்" என்று கேட்டு வாங்கியவள், நிரோஜினியின் பிறந்த திகதியைப் பார்க்கவேயில்லை. கண் நேரே பாட்டனார் பெயருக்குத்தான் ஓடியது. சாதியை வாய்விட்டுக் கேட்பது அநாகரிகமாம். இப்படி மோப்பம் பிடிப்பது மட்டும் நாகரிகம்!

"கறுப்பன்" என்று வாசித்தாள்.

சற்று முன்புதான், "லண்டனில பிறந்த பேரனுக்குப் பேர் தேடி மூண்டு மாசம் அண்ணை. கடைசியாக் கிரேக்கத்தில ஒண்டு எடுத்தவை, வெற்றி எண்டு கருத்தாம்" என்று அளந்தவள் அவள். இப்போது வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"குறை நினையாதேங்கோ. எங்கட வளவு நாய்க்கும் இந்தப் பேர்தான்."

நிரோஜினியின் தகப்பன் இரத்தினசிங்கம் அதற்கும் சேர்ந்து சிரித்தார். துறைமுகத்தில் முப்பது வருடம் தலைநிமிர்ந்து வேலை பார்த்த மனிதர். அந்தச் சிரிப்பைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

"அப்புவுக்குச் சிவபாதம் எண்டுதான் வைக்கக் கேட்டவையாம். அவை கூலிக்கு நிண்ட வயல்காரர் விடேல்ல. அது தங்கட ஆக்கள் வைக்கிற பேர் எண்டு, அவரே ஊர் விதானையாரிட்டச் சொல்லி இப்பிடிப் பதிவிச்சவர்."

"அப்ப நல்லதாப் போச்சு. அந்தப் பேருக்கே மாத்தி எடுங்கோ. பாங்கில வேலை செய்யிற பிள்ளை, பிள்ளையில ஒரு குறையுமில்ல. எங்கட சனத்துக்குச் சொல்ல ஒரு பேர் வேணுமெல்லே?"

"ஓம், மாத்தலாம்."

குசினி வாசலில் நின்ற நிரோஜினி வந்து பத்திரத்தை வாங்கிக்கொண்டாள்.

"தேத்தண்ணி ஆறுது மாமி. குடியுங்கோ."

"காணும் பிள்ளை, வேண்டாம்."

"நீங்கள்?" என்று சிவரூபனைக் கேட்டாள். அவன் கைபேசியிலிருந்து தலையை எடுத்துத் தாயைப் பார்த்தான். அவனது கோப்பை நிரம்பியபடியே இருந்தது. அதைத் தொடாமலே எழுந்து போனான்.

மறுநாள் கச்சேரிப் பதிவு அலுவலகத்திலிருந்து இரத்தினசிங்கம் பெயர் மாற்ற ஒரு விண்ணப்பப் படிவத்தோடு வந்தார்.

"நிரப்பு பிள்ளை. நான் கையெழுத்து வைக்கிறன். நல்ல இடம்."

"அப்பப்பாவுக்கு முதல் பேரையும் அவையள்தான் வைச்சினம். இப்ப இதையும் அவையளே வைக்கினம். எங்கட பேரை நாங்கள் வைக்கிறது எப்ப அப்பா?"

"நியாயம் கதைச்சுக்கொண்டிருந்தா வயசு போயிடும்."

நிரோஜினி படிவத்தை இழுத்து முன்னால் வைத்தாள். பேனையை எடுத்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல முத்து முத்தாக எழுதி நீட்டினாள். இரத்தினசிங்கம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார்.

தற்போதுள்ள பெயர்: கறுப்பன்.

மாற்ற வேண்டிய பெயர்: சிவபாதம்.

மாற்றுவதற்கான காரணம்: மாப்பிள்ளை வீட்டார் எங்கள் வீட்டில் தேநீர் குடிப்பதற்காக.

அவர் மறுபடியும் வாசித்தார். திறந்த பேனை கையிலேயே இருந்தது. கையெழுத்துக்கான கோடு வெறுமையாகவே கிடந்தது.