முழு ஆள்

தெருக்குழாய் ஓரத்தில் இரண்டு வாளிகளையும் துவைக்கும் பலகையையும் இறக்கி வைத்துவிட்டு, சோப்புக்காரர் தன் சட்டையைக் கழற்றினார். கழற்றியதைத் தெருவோரச் சேற்றில் போட்டு, மாவு பிசைவதுபோலப் பொறுமையாக ஒரு புரட்டு புரட்டினார். உடனே நாலைந்து கதவுகள் திறந்தன. நல்ல சட்டையை ஒரு மனிதர் வேண்டுமென்றே நாசமாக்குவதைப் பார்க்க எந்தத் தெருவிலும் ஆள் கூடும். அந்த ரகசியம் தெரிந்துதான் அவர் இத்தனை காலம் பிழைத்திருந்தார்.

மரங்கொத்தி சோப்பைத் தெருத்தெருவாகத் துவைத்துக் காட்டுவது அவர் வேலை. சட்டையின் வலப்பாதிக்கு மரங்கொத்தி, இடப்பாதிக்கு வேறு ஏதாவது சோப்பு. கம்பெனி வாளி கொடுத்தது, பலகை கொடுத்தது, சட்டை மட்டும் கொடுக்கவில்லை. அதனால் அவர் சட்டைகள் எல்லாமே வலப்பக்கம் கொக்கு வெள்ளையாகவும் இடப்பக்கம் பழுப்பாகவும் ஆகிவிட்டன. ஒரு கல்யாணத்தில் போட்டோக்காரர், "உங்க மேல நிழல் விழுது" என்று அவரை மண்டபம் முழுக்க நகர்த்தி நகர்த்தி நிறுத்தினார். கடைசிவரை நிழல் போகவில்லை.

மனைவிக்குக் கண்ணில் புரை விழுந்த பிறகு, இந்தச் சட்டைகளே அவளுக்கு அடையாளமாகிவிட்டன. வெளுத்த பாதி மட்டும் மங்கலாகத் தெரியும். "பாதி ஆள் வந்தாச்சு, மீதி பின்னாடி வருதா?" என்று வாசலைப் பார்த்துக் கேட்பாள். புரை முற்றிவிட்டது, இனியும் தள்ளிப்போட்டால் பார்வை திரும்பாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆபரேஷன் செலவைக் கம்பெனியின் வைத்திய அட்டை பார்த்துக்கொள்ளும். ஆஸ்பத்திரி கொடுத்த தாளில் ஆபீஸ் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. அந்தத் தாள் அவர் பையில், சோப்புக் கட்டிகளுக்கு நடுவில் பத்திரமாக இருந்தது.

இன்றைய துவையல் வேறு மாதிரி. இடப்பாதிக்குக் கையிருப்பில் மிஞ்சிய மரங்கொத்தி, வலப்பாதிக்கு 'வெலோரா'. மரங்கொத்திக்குக் கம்பெனி வைத்திருக்கும் புதுப்பெயர் அது.

கூட்டத்தின் முன்னால் நின்ற சலவைக்கார அக்கா புதுக்கட்டியைக் கையில் வாங்கினாள். பழைய கட்டியின் மேல் ஒரு மரங்கொத்தி புடைப்பாக நிற்கும். கட்டை விரலால் அதைத் தடவிப் பார்த்துத்தான் அவள் சோப்பு வாங்குவாள். இப்போது விரல் வழுக்கிக்கொண்டு போனது.

"குருவி எங்கே?"

"பறந்துருச்சுக்கா."

"வெலோராவாமே. பெரிய இடத்துப் பொண்ணு பேரு மாதிரி இருக்கு. இதெல்லாம் அழுக்கை எடுக்குமா?" என்று கட்டியைத் திருப்பிக் கொடுத்தாள். "எங்க வீட்டுல திருடன் புகுந்தப்ப என் வீட்டுக்காரர் எதை எறிஞ்சாரு? மரங்கொத்தியைத்தான். அவன் எழுந்திரிக்கவே இல்ல. சோப்புல ஒரு கீறல் விழல. போலீஸ் திருப்பிக் குடுத்த பிறகு அதுலயே ஒரு மாசம் துவைச்சேன். இதை எறிஞ்சா திருடன் சிரிப்பான்."

கூட்டம் அவள் பக்கம் சாய்ந்தது. எல்லார் துணியும் அவள் கைக்குத்தான் போகும். அவள் வேண்டாம் என்றால் அந்தத் தெருவே வேண்டாம் என்ற மாதிரி.

"அக்கா, காய்ச்சுற கொப்பரை அதே, அதே ஆளுங்க, அதே சரக்கு. பேரு மட்டும்தான் மாறியிருக்கு. மத்ததெல்லாம் அதேதான்."

கம்பெனி மனப்பாடம் செய்யச் சொன்ன வாசகத்தின் கடைசிப் பகுதி அது. வீட்டில் சொல்லிச் சொல்லிப் பழகியதில் மனைவிக்கும் பாடமாகிவிட்டிருந்தது.

அவர் சட்டையைப் பிழிந்து, இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தார். இரண்டு பாதியும் ஒன்றுபோல இருந்தன. எங்கே ஒன்று முடிகிறது, எங்கே மற்றது தொடங்குகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. அக்கா கையில் ஒட்டிய வெலோராவை நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தாள். சோப்பை நாக்கில் சோதிக்கிறவர் அந்த வட்டாரத்தில் அவள் ஒருத்திதான். வேறு யாரும் போட்டிக்கு வந்ததில்லை.

"எரிச்சல் அதேதான்" என்றாள். "சரி, குடு. சோப்புக்காக இல்ல. இத்தனை வருஷமா நீ பொய் சொல்லி நான் பார்த்ததில்ல, அதுக்காக."

பை காலியானது. தாள் மட்டும் மிஞ்சியது. ஈரச் சட்டையைப் போட்டுக்கொண்டு, அவர் நேராக ஆபீசுக்குப் போனார்.

ஆபீஸ் தம்பி நல்ல பையன். பார்த்ததும் எழுந்து நாற்காலி போட்டான். தெருவே வெலோராவுக்கு மாறிவிட்டது என்று கேட்டு நிஜமாகவே சந்தோஷப்பட்டான். பிறகு தாளைப் படித்தான். இன்னொரு முறை படித்தான்.

"அண்ணே, இந்த அட்டை மரங்கொத்திக் கம்பெனியோடது."

"ஆமா."

"அதை மூடியாச்சுண்ணே. இது வேற கம்பெனி. நீங்க இதுல சேர்ந்து மூணு வாரம்தான் ஆகுது. பத்து வருஷம் முடிச்சவங்களுக்குத்தான் அட்டை."

சோப்புக்காரர் சட்டை நுனியைப் பிழிந்தார். தரையில் சொட்டியது.

"தம்பி, பேரு மட்டும்தான் மாறியிருக்குன்னு தெருத்தெருவா நான் சொல்லிக்கிட்டு வர்றேன்."

"தெரியும்ணே. அதை டைப் அடிச்சதே நான்தான்."

"அப்போ?"

"அது சோப்புக்குண்ணே."

"நான்?"

தம்பி மேஜையைப் பார்த்தான். "நீங்க புதுசு" என்றான்.

மின்விசிறி சுற்றியது. ஈரச்சட்டைக்குள் அவருக்குக் குளிரெடுத்தது.

"பத்து வருஷம் கழிச்சு ஆபரேஷன் பண்ணிக்கலாமா?"

அவர் கிண்டலாகத்தான் கேட்டார். தம்பி கிண்டல் தெரியாதவன். கம்ப்யூட்டரில் அவர் வயதைத் தேடிப் பார்த்தான்.

"அதுக்குள்ள ரிட்டயர் ஆயிடுவீங்களேண்ணே" என்றான் வருத்தத்தோடு.

பிறகு இழுப்பறையைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் பட்டையை எடுத்தான். வேலைக்கு வரும்போது இதைக் குத்திக்கொண்டுதான் வரவேண்டுமாம், மேலிடத்து உத்தரவாம். அவனே எழுந்து வந்து, ஈரத்தில் ஊசி இறங்காமல் சிரமப்பட்டு, அவர் மார்பில் குத்திவிட்டான். 'வெலோரா' என்று பெரிதாகவும், கீழே 'பயிற்சி ஊழியர்' என்று சிறிதாகவும் அதில் புடைப்பெழுத்தில் இருந்தது. பட்டைக்கு மேலே அவருடைய நரைத்த மார்முடி எட்டிப் பார்த்தது.

வீட்டு வாசலில் மனைவி உட்கார்ந்திருந்தாள். அவர் நடையைக் கேட்டுத் தலையைத் திருப்பியவள், வழக்கத்துக்கு மாறாகச் சற்று நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இன்னைக்கு என்ன, முழு ஆளா வந்திருக்கீங்க?"

"ரெண்டு பக்கமும் வெளுத்துருச்சு."

"நல்லாத்தான் இருக்கு. கையெழுத்துப் போட்டுட்டாங்களா?"

அவர் வாளிகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினார். அவள் எழுந்து வந்து, சட்டை எவ்வளவு ஈரம் என்று தொட்டுப் பார்த்தாள். கை பட்டையில் முட்டியது. சோப்புக் கட்டியில் தேடுவதுபோலக் கட்டை விரலால் அதை மேலும் கீழும் தடவினாள்.

"குருவி இல்லையே. என்ன எழுதியிருக்கு?"

"கம்பெனிப் பேருதான்."

"கீழயும் ஏதோ இருக்கே, கைல நெருடுது."

அவர் வாய் தன் பழக்கத்துக்குத் திறந்தது. "பேரு மட்டும்தான் மாறியிருக்கு" என்றார்.

"மத்ததெல்லாம் அதேதான்" என்று அவளே முடித்துவைத்தாள். பாடமான வாசகம்தானே.

பிறகு அவர் சட்டையைப் பிடித்து, அவரை வாசல் வெளிச்சத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். பட்டையில் கண் ஒட்டும் அளவுக்குக் குனிந்தாள். தலையை இப்படிச் சாய்த்தாள், அப்படிச் சாய்த்தாள். எழுத்துக் கூட்டுகிறவளைப் போல அவள் உதடுகள் அசைந்தன. அவள் படித்து முடிக்கட்டும் என்று, அவர் மூச்சை அடக்கி அசையாமல் நின்றார்.